கடற்கரையில் கூடாரம் அடிக்குமுன்

விடுமுறை என்றால் ஊருக்கு டிக்கெட் எடுப்பது என்பதுதான் நம் குடும்பங்களின் வழக்கமாக இருந்தது. தாத்தா பாட்டி இருக்கும்வரை அந்தப் பயணத்துக்கு ஒரு கட்டாயம் இருந்தது. இப்போது பல வீடுகளில் ஊர் வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகளோ கூடப் படிக்கும் மராத்திப் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுவிட்டு வந்து, "நாமும் கொங்கணத்துக்குப் போய் டென்ட் போட்டுத் தங்கலாம்" என்கிறார்கள். அலிபாக், காஷித், திவேஆகர், குஹாகர், மால்வண் என்று மும்பையிலிருந்து தெற்கே போகும் கரை நெடுகிலும், தென்னந்தோப்பிலும் சவுக்குத் தோப்பிலும் ஐந்து, பத்துக் கூடாரங்களை அடித்து வாடகைக்கு விடும் சிறு இடங்கள் பெருகிவிட்டன. நம் சங்க உறுப்பினர்களிலும் பலர் போய் வருகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் கடலோரத்தில் துணிக் கூரையின் கீழ் ஓர் இரவு படுக்கப் போகிறவர்கள் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்துகொண்டு போக வேண்டும். தண்ணீர் எதுவரை வரும்? எப்போது வரும்? முதல் கேள்விக்குக் கரையில் முளைத்திருக்கும் செடிகள் விடை சொல்லும். இரண்டாவதற்கு நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே போதும். இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. நனைந்து கற்றுக்கொண்டேன்.

2023 டிசம்பர் கடைசி வாரம். நானும் மனைவியும் மகளும், சென்னையிலிருந்து வந்திருந்த என் மனைவியின் தம்பி குடும்பமும் கொங்கண் கன்யாவில் இரவு ஏறிக் காலையில் குடாளில் இறங்கினோம். அங்கிருந்து வண்டி பிடித்து மால்வண் வழியாகத் தார்க்கர்லிக்கும் அதற்குத் தெற்கே உள்ள தேவ்பாகுக்கும் போகலாம். அந்த நிலத்தின் அமைப்பைக் கொஞ்சம் மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். மேற்கே அரபிக் கடல். கிழக்கே கர்லி ஆற்றின் கழி. இரண்டுக்கும் நடுவே வடக்குத் தெற்காக ஒடுங்கிக்கொண்டே போகும் ஒரு மணல் நாக்கு. அதன் தென்கோடியில் ஆறு கடலில் கலக்கிறது. ஒரு பக்கம் அலை, மறுபக்கம் அசையாத கழி நீர். நடந்தே கடந்துவிடக்கூடிய இந்த அகலத்துக்குள் மணல் மேடு, சவுக்குத் தோப்பு, தென்னந்தோப்பு, கண்டல் காடு என்று அத்தனையும் அடுக்கி வைத்தாற்போல் இருக்கின்றன. வெப்பமண்டலக் கரை எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்கு ஒரே நாளில் காட்ட வேண்டுமானால் இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் தங்கிய இடத்தில் எட்டே கூடாரங்கள். ஒரு மால்வணிக் குடும்பத்தின் தோப்பு அது. வீட்டு மூதாட்டியை எல்லோரும் ஆஜி என்று அழைத்தார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம். கூடாரங்கள் எல்லாம் தோப்புக்குள் வரிசையாக இருந்தன. அங்கிருந்து பார்த்தால் கடல் முழுதாகத் தெரியாது. நடுவே ஒரு மணல் மேடும், அதன்மேல் படர்ந்த கொடியும் மறைக்கும். பிள்ளைகளுக்கு அது பெரிய குறையாகப் போயிற்று. என் மைத்துனர் திருச்செந்தூரில் பிறந்து வளர்ந்தவர். "அத்தான், கடலைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்? ஒரு டென்டைத் தூக்கிக் கொடிக்கு அந்தப் பக்கம் போட்டுவிடலாம். நான் கடல்கரையிலேயே வளர்ந்தவன், எனக்குத் தெரியாதா?" என்றார். நானும் மறுக்கவில்லை. காலையில் நாங்கள் வந்து சேர்ந்தபோது கடல் நன்றாக ஏறியிருந்தது. அது இறங்கிய பிறகு ஈர மணலுக்கும் உலர்ந்த மணலுக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல் தெரிந்தது. அந்தக் கோட்டிலிருந்து நல்ல தூரம் மேலே தள்ளித்தான் கூடாரத்தை அடித்தோம். என் மகளும் மைத்துனர் மகனும் அதில் படுப்பதென்று முடிவாயிற்று.

ஆஜி வந்து பார்த்தார். கொடியைக் காட்டி ஒரே ஒரு சொல் சொன்னார்: "மர்யாத்வேல்." மராத்தியில் வேல் என்றால் கொடி. மர்யாதா என்பது எல்லை. கடலுக்கு எல்லை கட்டும் கொடி என்று பொருள். மைத்துனருக்கு மராத்தி தெரியாது. எனக்குத் தெரியும், தெரிந்தும் அதை ஒரு செடியின் பெயராக மட்டுமே கேட்டுக்கொண்டேன்.

இரவு பதினொன்றரை இருக்கும். என் மனைவிக்குப் புது இடத்தில் தூக்கம் வராது. அலைச் சத்தம் பக்கத்தில் கேட்கிறதே என்று எழுந்து போனவள் போட்ட கூச்சலில் நாங்கள் எல்லோரும் ஓடினோம். நிலா வெளிச்சத்தில் கூடாரத்தைச் சுற்றிலும் நுரை. ஓர் அலை வந்து அடித்துணியைத் தூக்கிவிட்டுத் திரும்பிப் போனது. பையன் விழித்துக்கொண்டு, யாரோ தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்து உட்கார்ந்திருந்தான். என் மகள் அப்போதும் தூக்கத்தில்தான் இருந்தாள். கூடாரத்தின் ஜிப் உள்ளே இருந்து மூடியிருந்தது. ஈர மணல் பட்டு அது நகரவில்லை. மைத்துனர் துணியைக் கிழித்தே விட்டார். இருவரையும் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறியபோது என் கால்கள் நடுங்கிய நடுக்கம் இன்னும் நினைவிருக்கிறது. முழங்காலளவுத் தண்ணீர்தான். ஆனால் மூடிய துணிப் பைக்குள் படுத்திருக்கும் குழந்தைக்கு முழங்காலளவு என்ன, அதில் பாதியே அதிகம்.

அந்த இரவில் போனவை இரண்டு ஜோடிச் செருப்பும் ஒரு தூக்குச் சட்டியும்தான். காலையில் மகள் எண்ணிப் பார்த்துச் சொன்னாள்: கொடி தொடங்கும் இடத்திலிருந்து கூடாரம் இருந்த இடம் வரை அவள் காலடியில் பதினான்கு. தண்ணீர் கொடியின் முதல் இலைகளை நனைத்திருந்தது. அதற்கு மேல் ஓர் அடிகூட ஏறவில்லை.

எங்கே பிழை? காலை ஏற்றத்தின் கோட்டைப் பார்த்து இடம் பிடித்தோமே, அது போதாதா? போதாது. ஏன் என்று புரிந்துகொள்ள, கடல் ஏறி இறங்கும் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நம் கரைகளில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். இதற்குப் பெரும்பாலும் நிலாவின் ஈர்ப்பும், அடுத்தபடியாகச் சூரியனின் ஈர்ப்பும் காரணம். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றம் மிக உயரமாகவும் வற்றம் மிகத் தாழ்வாகவும் இருக்கும். இந்த இரண்டு நாள்களுக்கும் பொதுவாக உவா என்று ஒரு பழந்தமிழ்ச் சொல் உண்டு. கொங்கணத்து மீனவர்கள் உவாவையொட்டி வரும் பெரிய ஏற்றத்தை உதாண் என்பார்கள். அஷ்டமியையொட்டி வரும் சிறிய ஏற்றம் பாங். பொதுவாக ஏற்றம் பர்தி, வற்றம் ஓஹோட்டி. மும்பையில் மழைக்காலச் செய்திகளில் இந்தச் சொற்கள் காதில் விழாத வாரம் இருக்காது.

இதில் நம்மவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக் கடலில் வளர்ந்தவர்களுக்கு ஏற்ற வற்றம் அவ்வளவாகக் கண்ணில் பட்டிருக்காது. சென்னையில் உவா நாளில்கூட வித்தியாசம் சுமார் 1 மீட்டர்தான். தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் அதைவிடவும் குறைவு. மால்வணில் 2 மீட்டரைத் தாண்டும். மும்பையில் 4 மீட்டருக்கும் மேலே போகும். குஜராத்தில் பாவ்நகர்ப் பக்கம் 10 மீட்டர் அளவுக்கு வரும். சென்னைக்கு எதிரே கடலடித் திட்டு குறுகலானது. சீக்கிரம் ஆழம் வந்துவிடும். மும்பைக்கு எதிரே அந்த ஆழமில்லாத திட்டு 300 கிலோமீட்டர் அளவுக்கு அகன்று கிடக்கிறது. அதன்மேல் ஏறி வரும் ஓதம் உயர்ந்துகொண்டே வருகிறது. கம்பாத் வளைகுடாவின் புனல் வடிவில் புகும்போது இன்னும் நெருக்குண்டு எழுகிறது. ஆகவே, "நான் கடல்கரையில் வளர்ந்தவன்" என்று நம்மில் ஒருவர் இங்கே சொல்வது, கிணற்றில் நீந்தியவர் ஆற்றைத் தெரியும் என்பதைப் போன்றது. இதை என் மைத்துனரிடம் அப்புறம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

உயரம் 2 மீட்டர்தானே என்று நினைக்கக்கூடாது. கரை சாய்வானது. 30 மீட்டர் நடந்தால் 1 மீட்டர் உயரும் சாய்வில், தண்ணீர் அரை மீட்டர் கூடுதலாக ஏறினாலே 15 மீட்டர் உள்ளே வந்துவிடும். அதற்கு மேல் அலை தன் பங்குக்குக் கொஞ்சம் ஓடிவரும்.

நேற்றைய கோட்டையும் காலைக் கோட்டையும் நம்பக்கூடாது என்பதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, மிகப் பெரிய ஏற்றம் உவா நாளன்றே வருவதில்லை. ஒன்றிரண்டு நாள் பிந்தித்தான் வரும். அந்த ஆண்டு டிசம்பர் 26 பௌர்ணமி; நாங்கள் போனது 27, ஆருத்ரா தரிசனத்தன்று. பௌர்ணமிதான் கழிந்துவிட்டதே என்ற எண்ணம் தவறாயிற்று. இரண்டாவது காரணம் மிகச் சிலரே அறிந்தது. ஒரே நாளின் இரண்டு ஏற்றங்களும் சமமானவை அல்ல. நிலா வானத்தில் வடக்கே அல்லது தெற்கே சாய்ந்திருக்கும்போது ஒன்று உயரமாகவும் மற்றது தாழ்வாகவும் இருக்கும். நம் மேற்குக் கரையில் மார்கழி மாதத்து உவா நாள்களில் இரவு ஏற்றம் பெரியது. பகல் ஏற்றம் சிறியது. ஆனி, ஆடியில் நேர் மாறு. மும்பையில் டிசம்பர் உவாவில் நள்ளிரவு ஏற்றம் 5 மீட்டரைத் தொடும் நாளில், நண்பகல் ஏற்றம் 4 மீட்டரைச் சற்றே தாண்டி நின்றுவிடும். டிசம்பர் விடுமுறையில்தான் நம் குடும்பங்கள் கூடாரத்துக்குப் போகின்றன. பகலில் கண்ட கோட்டைப் பார்த்து இடம் பிடித்தால், இரவில் அதைவிடப் பெரிய தண்ணீர் வரும். எங்களுக்கு நடந்தது இதுதான்.

எப்போது வரும் என்ற கேள்விக்குக் கொங்கணத்துக் கரைக்காரர்களிடம் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. அன்றைய திதியின் எண்ணை முக்காலால் பெருக்க வேண்டும். வருவது ஏற்றத்தின் மணி. பிரதமையை 1 என்று தொடங்கி, பௌர்ணமியையும் அமாவாசையையும் 15 என்று கொள்ள வேண்டும். அஷ்டமி என்றால் 8. முக்கால் பங்கு 6. காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ஏற்றம். சதுர்த்தி என்றால் 3 மணி. ஏகாதசி என்றால் எட்டேகால். பௌர்ணமிக்குப் பதினொன்றேகால். வற்றம் அதிலிருந்து ஆறேகால் மணி நேரம் தள்ளி. நிலா நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி வருவதால் ஏற்றமும் அப்படியே பிந்துகிறது. அதை வாய்க்கணக்காக முக்கால் மணி என்று வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் முன்பின் இருக்கலாம். மும்பையிலிருந்து தெற்கே போகப் போக ஏற்றம் சற்று முன்னதாகவே வந்துவிடும். துறைமுகக் கால அட்டவணை கையில் இருந்தால் அதுதான் துல்லியம். ஆனால் பிள்ளைகளிடம் காலண்டரைக் கிழித்துக் கொடுத்து, திதி பார்க்கச் சொல்லி, கணக்குப் போட வைத்துக் கடலோரத்தில் கடிகாரத்தோடு நிற்க வைத்துப் பாருங்கள். அந்த மகிழ்ச்சி அட்டவணையில் கிடைக்காது. ஒரு எச்சரிக்கை: இந்தக் கணக்கு கொங்கணத்துக்கு மட்டுமே சொந்தம். சென்னையிலோ கொல்கத்தாவிலோ இதைப் போட்டுப் பார்த்தால் பொருந்தாது. அங்கே ஏற்றத்தின் நேரம் வேறு.

இனி, எதுவரை வரும் என்பது. தண்ணீர் ஓரத்திலிருந்து தோப்பை நோக்கி மெல்ல நடந்து வாருங்கள்.

முதலில் ஈர மணல். கடல் வற்றியிருக்கும் நேரத்தில் அதன்மேல் கடுகளவு மணல் உருண்டைகளைக் கோலம் போட்டாற்போல் காண்பீர்கள். விரல் நகத்தளவு நண்டுகள் மணலை வாயில் இட்டு, அதிலுள்ள உணவை உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தை உருட்டி வைத்துவிட்டுப் போனவை. அடுத்த ஏற்றம் வந்து அத்தனையையும் அழித்துவிடும். கோலம் இருக்கும் இடம் கடலின் இடம். அதற்கு மேலே காய்ந்த பாசி, கிளிஞ்சல், சுள்ளி, இந்தக் காலத்தில் பிளாஸ்டிக் பாட்டில் மூடிகள், எல்லாம் சேர்ந்து ஒரு வரிசை கிடக்கும். அது கடைசியாக வந்த ஏற்றத்தின் அடையாளம். அடுத்து வரப்போகும் ஏற்றத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. எங்களைப் போலப் பலரும் ஏமாறுவது இந்த வரிசையில்தான்.

இன்னும் மேலே வந்தால் கொடி தொடங்குகிறது. ஆட்டுக் குளம்பு போல இரண்டாகப் பிளந்த தடித்த இலை. காலையில் விரியும் ஊதாநிறப் புனல் போன்ற பூ. இதுதான் ஆஜி சொன்ன மர்யாத்வேல். தமிழில் இதற்கு அடும்பு என்று பெயர். சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்துக்குரிய கொடியாக வருவது இதுவே. நம் கரையோர ஊர்களில் ஆட்டுக்கால் கொடி என்றும் சொல்வார்கள். உப்புக் காற்றையும் கொதிக்கும் மணலையும் தாங்கும். எப்போதாவது உப்புநீர் தெறித்தாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் நாள்தோறும் அலை புரளும் மணலில் அது வேர் பிடிக்க முடியாது. ஆகவே பல மாத, பல வருட ஏற்றங்களை எல்லாம் பார்த்துவிட்டு, கடல் பொதுவாகத் தொடாத இடத்தில்தான் அது நிலைத்துப் படர்கிறது. நாம் ஒரு நாள் பார்த்த கோட்டைவிட அதன் அனுபவம் பெரியது. அதன் ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்கி மணலைப் பிடித்துக்கொள்கிறது. காற்று கொண்டுவரும் மணல் இலைகளில் தடுக்கி விழுந்து மேடாகிறது. எல்லையைக் காட்டுவதோடு, அந்த எல்லையைக் கட்டுவதும் அதுவே. சில இடங்களில் இதனோடு இராவணன் மீசை என்ற முள்புல்லும் சேர்ந்து நிற்கும். கடல் தெரியவில்லை என்று இந்தக் கொடியை வெட்டி எடுத்துவிட்ட சில தங்குமிடங்களைக் கண்டிருக்கிறேன். அந்த இடங்களில் நான் தங்கமாட்டேன்.

கொடிக்குப் பின்னே புதரும் மரமும். தாழையைப் பலர் வாசத்திலேயே கண்டுகொள்வார்கள். மராத்தியர் கேவ்டா என்பார்கள். பளபளக்கும் இலையும் வெள்ளைப் பூவும் உள்ள புன்னையை இங்கே உண்டி என்கிறார்கள். அதன் விதையிலிருந்து எடுத்த எண்ணெயை முன்பெல்லாம் விளக்குக்கும் படகுக்கும் பயன்படுத்தினார்கள். வரிசையாக நிற்கும் சவுக்கு மட்டும் இந்தக் கரைக்கு வந்தேறி. காற்றுத் தடுப்புக்காக மனிதன் நட்டது. அதன் அடியில் ஊசி ஊசியாக உதிர்ந்த சருகு மெத்தை போல் கிடக்கும், படுக்கச் சுகம். ஆனால் ஸ்டவ் பற்ற வைப்பவர்கள் அந்தச் சருகை ஐந்தடி சுற்றளவுக்கு வாரித் தள்ளிவிட்டு வெறும் மணலில்தான் பற்ற வைக்க வேண்டும். தென்னைக்கு நேர் கீழே கூடாரம் கூடாது என்பதைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் நிழலைக் கண்டதும் மறந்துவிடுகிறோம். ஆக, கொடிக்குப் பின்னால், தென்னைக்கு வெளியே, தாழைப் புதரை ஒட்டாமல் ஒரு திட்டுத் தேடுங்கள். இரவு எழுந்தால் போய் நிற்க உயரமான இடம் எது என்று பகலிலேயே பிள்ளைகளுக்குக் காட்டி வையுங்கள். கூடாரத்தின் ஜிப்பை ஒரு சாண் அளவாவது திறந்து வைத்துப் படுங்கள். கொசு வரும்; வரட்டும்.

தோப்பைக் கடந்து கிழக்கே போனால் கழி. எங்கள் பயணத்தில் மறுநாள் முழுவதும் அங்கேதான் கழிந்தது. யாரும் மேற்குப் பக்கம் போக விரும்பவில்லை. ஆஜியின் பேரன் சிறு படகில் அழைத்துப் போனான். கரையோர மரங்களைக் காட்டி, "காந்தள்" என்றான். எனக்குச் செங்காந்தள் பூ நினைவுக்கு வந்தது. அது அல்ல. அவன் சொன்னது நம் கண்டல். மலையாளிகளும் கண்டல் என்றே சொல்கிறார்கள். மராட்டிய அரசு 2012இல் இந்தக் காடுகளுக்கென்று தனிப் பிரிவு ஒன்றை அமைத்தபோது அதன் மராத்திப் பெயரிலும் இந்தச் சொல்தான் வந்தது. பிச்சாவரத்தில் படகேறிப் போன பிள்ளைகளுக்கு இந்த மரம் புதிதல்ல: வளைந்து வளைந்து சேற்றில் ஊன்றிய முட்டு வேர்கள், தாய்மரத்திலேயே முளைவிட்டு முருங்கைக்காய் போல் தொங்கும் நாற்றுகள். அந்த நாற்று முற்றியதும் விழுகிறது. வற்றத்தில் விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும். ஏற்றத்தில் விழுந்தால் மிதந்து போய் வேறிடத்தில் கரை சேரும். இன்னொரு வகை மரம் வேர்களைப் பென்சில் நட்டாற்போல் சேற்றுக்கு மேலே நீட்டி மூச்சு வாங்குகிறது. உள்ளே போன உப்பை இலை வழியாக வெளியேற்றுகிறது. இலையை நாக்கில் வைத்துப் பார்த்த என் மகள் முகத்தைச் சுளித்தாள். வெள்ளைச் சிப்பி என்று பொருள்பட மராத்தியர் அழைக்கும் மற்றொரு கண்டல் வகையை 2020இல் மராட்டியத்தின் மாநிலக் கண்டல் மரமாக அறிவித்தார்கள்.

மேற்கே கொடி செய்யும் வேலையை இங்கே கண்டல் செய்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. கொடி இருக்கும் இடத்துக்குத் தண்ணீர் வராது. கண்டல் இருக்கும் இடத்துக்குத் தண்ணீர் கட்டாயம் வரும். வற்றத்தில் உலர்ந்து கெட்டியாகத் தெரியும் கழியோரத்தில் கூடாரம் அடிக்க நினைப்பவர்கள், சுற்றிலும் பென்சில் வேர் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஆறு மணி நேரத்துக்கு மட்டும் தரை.

குளிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தார்க்கர்லியின் நீர் தெளிவானது, அழைக்கும். ஆனால் ஆறு கடலில் கலக்கும் தென்கோடியில் இறங்கவே கூடாது. கழியில் ஆறு மணி நேரமாக ஏறிய நீர் முழுவதும் வற்ற நேரத்தில் அந்த ஒரே வாய் வழியாகத் திரும்பப் போகிறது. மேலே அமைதியாகத் தெரியும், காலடியில் இழுக்கும். மற்ற இடங்களிலும், ஏற்றம் முடிந்து தண்ணீர் பின்வாங்கத் தொடங்கியதும் கரைக்கு வந்துவிடுவது நல்லது. 2016 பிப்ரவரி 1ஆம் தேதி ராய்கட் மாவட்டத்து முருட் கடற்கரையில், புணேயிலிருந்து சுற்றுலா வந்த 14 கல்லூரி மாணவ மாணவியர் மூழ்கி இறந்தார்கள். 2017 ஏப்ரலில் மால்வணை அடுத்த வாயரிக் கடற்கரையில் பெலகாவியிலிருந்து வந்த 8 பேர் போனார்கள். இவையெல்லாம் புயல் நாள்கள் அல்ல. உள்ளூர்க்காரர் ஒருவர் "இறங்காதே" என்றால், ஏன் என்று மொழி புரியும்வரை காத்திராமல் கரையில் நின்றுவிடுங்கள்.

மால்வண் கரைக்கு எதிரே கடலில் நிற்கும் சிந்துதுர்கம் சிவாஜி மகாராஜா 1664இல் கட்டத் தொடங்கிய கோட்டை. அதைச் சுற்றியுள்ள பாறைகளில் பவளப்பூச்சிகள் வாழ்கின்றன. இந்தப் பகுதியை 1987இல் கடல் சரணாலயமாக அறிவித்தார்கள். பவளத்தின் மேல் நிற்பதும் ஒடித்து எடுப்பதும் அதைக் கொல்வது, சட்டப்படி குற்றமும்கூட. வீட்டு அலமாரிக்கு வெறும் கிளிஞ்சல் போதும்.

கார்த்திகை முதல் பங்குனி வரை கொங்கணக் கரையில் ஆமைகள் இரவில் ஏறி முட்டையிடும். நாம் பங்குனி ஆமை என்று அழைப்பது இதைத்தான். ரத்னாகிரி மாவட்டத்து வேளாஸ் கிராமத்தில், சிப்ளூணைச் சேர்ந்த ஒரு தன்னார்வ அமைப்பு 2002இல் தொடங்கிய பணியால், முட்டையை எடுத்து விற்ற கிராமமே அதைக் காக்கும் கிராமமாயிற்று. ஓர் ஆமை சுமார் 100 முட்டை இடும். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று நம்பி ஓடும். கூடாரத்து விளக்கும் டார்ச்சும் அவற்றைத் தோப்புக்குள் இழுத்துவிடும். காலையில் டிராக்டர் சக்கரம் ஓடினாற்போல் மணலில் தடம் கண்டால், அதன் முடிவில் தோண்டிப் பார்க்காமல் ஊரில் யாரிடமாவது சொல்லுங்கள். ஆமையும் முட்டையிட ஏற்றக் கோட்டுக்கு மேலே, பெரும்பாலும் கொடியின் ஓரத்துக்கே வருகிறது. நாங்கள் அன்று கூடாரம் அடித்ததைவிட அது நல்ல இடம் பார்க்கிறது.

மற்றவை சிறு விஷயங்கள். மழைக்கால மாதங்களில் இந்தக் கரையில் கூடாரம் என்ற பேச்சே வேண்டாம். குடிதண்ணீர் கொண்டு போவது நல்லது. கொண்டு போன பாட்டிலைத் திரும்பக் கொண்டு வருவதும் அப்படியே. மணல் ஈ மாலையில் கடிக்கும், முழுக்கால் உடை போதும்.

புறப்படும் நாள் காலையில் மைத்துனர் ஆஜியிடம் போய், கிழிந்த கூடாரத்துக்குப் பணம் கொடுத்தார். ஆஜி பாதியை வாங்கிக்கொண்டு பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் கொடியைக் காட்டித் தமிழில் ஏதோ கேட்டார். ஆஜி மால்வணியில் ஏதோ சொன்னார். நடுவில் மொழிபெயர்க்க நான் எழுந்தேன், மனைவி என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். இருவரும் குனிந்து, கொடியின் ஒரு கணுவைத் தூக்கி வேரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சென்னை திரும்பிய பிறகு அவர் தொலைபேசியில் சொன்னார்: "அத்தான், திருச்செந்தூர்லயும் இந்தக் கொடி கிடக்கு. சின்ன வயசுல நாங்க அதுமேல ஓடி விளையாடுவோம். பேர்தான் கேட்டதில்ல."